கோப்பு திறந்தது, விலை மூடிக்கொண்டது

1970-இல் அமெரிக்கக் கீழவை உறுப்பினர் ஒருவர், ஆர்கன்சா மாநிலத்து டேவிட் பிரையர், வார இறுதிகளில் தான் யார் என்று சொல்லாமல் வாஷிங்டன் வட்டாரத்து முதியோர் இல்லங்களில் எடுபிடி வேலை பார்க்கப் போனார். பிறகு அவையில் எழுந்து தான் கண்டதைச் சொல்லி, முதியோருக்கென்று தனிக்குழு கேட்டார். தலைமை கொடுக்கவில்லை. மனிதர் அசரவில்லை. ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக டிரெய்லர்களை நிறுத்தி, தன்னார்வத் தொண்டர்களை வைத்துக்கொண்டு தானே விசாரிக்கத் தொடங்கினார். அவர் கேட்ட குழு 1974-இல்தான் அமைந்தது. அதற்குள் அவர் அந்த அவையைவிட்டே போயிருந்தார்.

சட்டம் இயற்றுகிறவருக்கே இல்லத்துக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள மாறுவேடம் தேவைப்பட்ட காலம் அது. சாதாரணக் குடும்பம் என்ன செய்திருக்கும்? வாசலில் நுழைந்ததும் மூத்திர நாற்றம் அடிக்கிறதா என்று பார்த்திருக்கும். வரவேற்பறைப் பெண் சிரித்துப் பேசினாளா, சாப்பாட்டு மேசைத் துணி வெளுப்பாக இருக்கிறதா என்று பார்த்திருக்கும். மறதி நோய் முற்றியவர்களை நாற்காலியோடு சேர்த்துப் பட்டையால் கட்டிவைப்பது அன்று யாரும் மறைக்காத வழக்கம். விழுந்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான் என்று சொன்னால் பிள்ளைகளும் தலையாட்டினார்கள்.

1987 டிசம்பரில் வந்த கூட்டரசுச் சட்டம் கட்டிவைப்பதற்குக் கடிவாளம் போட்டது. நர்சிங் ஹோம்களைத் தவறாமல் சோதிக்கவும் வழி செய்தது. 1998-இல் சோதனை முடிவுகள் இணையத்துக்கு வந்தன. 2008-இல் ஓட்டலுக்குப் போடுவதுபோல் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை போட்டார்கள். ஊழியர் எண்ணிக்கையை இல்லங்கள் தாமே சொல்லிக்கொண்டிருந்தது போய், 2016 முதல் சம்பளப் பதிவேட்டிலிருந்து அனுப்ப வேண்டியதாயிற்று.

இங்கேதான் அமெரிக்காவிலுள்ள நம்மவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். அம்மாவுக்கு அல்சைமர் என்று மருத்துவர் சொன்ன வாரமே கூட்டரசுத் தளத்தைத் திறந்து, பக்கத்து ஊர் ‘மெமரி கேர்’, அதாவது மறதி நோயாளிகளுக்கான இல்லத்தின் பெயரைத் தட்டுவார்கள். பெயரே வராது. ‘அப்படியானால் லைசென்ஸ் இல்லாத இடம் போலிருக்கிறது’ என்று ஒருவர், ‘புகாரே இல்லாத இடம்’ என்று இன்னொருவர். இரண்டும் தப்பு. நட்சத்திரங்கள் நர்சிங் ஹோமுக்கு மட்டும். மெமரி கேர் வேறு கிளை. ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் 1983-இல் கேரன் பிரவுன் வில்சன் தொடங்கிய ‘அசிஸ்டட் லிவிங்’ (உதவியோடு வாழும் இல்லம்) வகையிலிருந்து முளைத்தது அது. மருத்துவமனைச் சாயல் வேண்டாம், தன் அறை, தன் கதவு, தன் பூட்டு என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் மருத்துவமனை இல்லை என்றானதால் கூட்டரசுச் சட்டமும் இல்லை என்றாயிற்று. ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் விதி எழுதிக்கொண்டது.

நான் பார்த்துவருவது கலிபோர்னியா. இங்கே இந்த இல்லங்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது சுகாதாரத் துறைகூட இல்லை, சமூகச் சேவைத் துறை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு இல்லத்தின் சரித்திரம் வேண்டுமென்றால் வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டு நேரம் கேட்டு, வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய், தாள் கோப்பைப் புரட்ட வேண்டும். மூன்று இல்லங்களை ஒப்பிட நினைத்தால் மூன்று கோப்பு. அம்மாவை நாளை மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள் என்ற நிலையில் யார் போவார்கள்? சான் டியாகோவில் ஒரு தன்னார்வக் குழுவினர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்புகளை ஸ்கேன் செய்து தாங்களே இணையத்தில் போட்டார்கள். அரசு செய்ய வேண்டியதைச் செய்தவர்கள் அவர்கள்.

போய்ப் பார்த்தாலும் கோப்பு மெலிந்துதான் இருந்திருக்கும். முன்பு ஆண்டுதோறும் நடந்த சோதனையை 2003 பட்ஜெட் நெருக்கடியில் மாநிலம் சுருக்கியது. மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் பார்ப்பது, மற்றவற்றை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பது என்று ஆயிற்று. ஐந்து ஆண்டு! மெமரி கேருக்குள் நுழைகிறவர்களில் பலர் அத்தனை காலம் இருப்பதே இல்லை. ஒருவர் வந்து, வாழ்ந்து, போய்ச் சேர்வதற்குள் ஒரு அதிகாரியும் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்க முடியும். இல்லத்தின் தவறால் ஒருவர் இறந்தால் அன்று விதிக்கக்கூடிய அபராதம் 150 டாலர். நாயைக் கயிறில்லாமல் விட்டதற்கு இதைவிட அதிகம் வாங்கும் ஊர்கள் இங்கே உண்டு.

2013 அக்டோபரில் காஸ்ட்ரோ வேலியில் இந்தச் சீர்கேடு வெடித்தது. ஒரு இல்லத்தின் லைசென்ஸை மாநிலம் நிறுத்திவைத்தது. சம்பளம் வராது என்றதும் ஊழியர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பதினைந்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் உள்ளே. மிஞ்சியவர்கள் சமையல்காரரும் துப்புரவுப் பணியாளரும். மருந்தும் சோறும் குளியலும் அந்த இருவர் கையில் நாள் கணக்கில் நடந்தன. கடைசியில் தீயணைப்புத் துறையும் காவல்துறையும் வந்து பொறுப்பேற்றன. அதே ஆண்டில் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அடுத்தடுத்துப் புலனாய்வுச் செய்திகள் போட, 2014-இல் சட்டசபை கட்டுக்கட்டாகச் சட்டம் இயற்றியது. இறப்புக்கு அபராதம் 15,000 டாலர் வரை உயர்ந்தது. நேரடிப் பராமரிப்பு ஊழியருக்குத் தொடக்கப் பயிற்சி 10 மணி நேரத்திலிருந்து 40 மணி நேரமானது. சோதனை இடைவெளி படிப்படியாகக் குறைந்து 2019-இல் மறுபடி ஆண்டுக்கு ஒன்று என்றானது. கோப்புகளும் இணையத்துக்கு வந்தன.

இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே போனில் பார்த்துவிடலாம். துறையின் தளத்தில் ஊர் பெயரைப் போட்டால் இல்லங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ் எண், எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை முறை அதிகாரி வந்தார், ஏ வகைக் குறை எத்தனை, பி வகைக் குறை எத்தனை. ஏ என்றால் உடனடி ஆபத்து, பி என்றால் விட்டால் ஆபத்தாகலாம். பலர் இந்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நண்பர் ஒருவர் எக்ஸெல் போட்டு, ஏ-க்கு ஐந்து மதிப்பெண், பி-க்கு ஒன்று என்று கழித்துத் தரவரிசையே தயாரித்துவிட்டார். ஐடி மூளை. ஆனால் 120 படுக்கை இல்லத்தின் ஆறு குறையும் ஆறு படுக்கை வீட்டின் ஆறு குறையும் ஒன்றாகுமா?

அறிக்கையைத் திறந்து படிக்க வேண்டும். சாதாரணச் சோதனை அறிக்கையின் படிவ எண் 809, புகார் விசாரணையின் எண் 9099. முதலாவதில் பாதிக்கு மேல் சலிப்பூட்டும் சங்கதிகள்தான்: குழாயில் வெந்நீர் 105 முதல் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கிறதா, கெட்டுப்போகும் உணவு இரண்டு நாளுக்கும் கெடாத உணவு ஏழு நாளுக்கும் இருப்பில் உள்ளதா, கத்தியும் சலவைத் திரவமும் பூட்டி வைத்திருக்கிறார்களா. விஷயம் 9099-இல் இருக்கிறது. முதியவர்கள் அதில் ஆர்1, ஆர்2. ஊழியர்கள் எஸ்1, எஸ்2. நான் படித்த ஒன்றில் ஆர்1 பக்கக் கதவு வழியாகத் தெருவுக்குப் போய்விட்டார். கதவு அலாரம் அடித்திருக்கிறது. எஸ்2 அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார், எட்டிப் பார்க்கவில்லை. கீழே திருத்தத் திட்டம்: ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையெழுத்துத் தாளை அனுப்பிவைப்போம். அடுத்த ஆண்டு அறிக்கையில் மறுபடி அலாரம், மறுபடி பயிற்சி, மறுபடி கையெழுத்துத் தாள். எக்ஸெல் கணக்கில் இது இரண்டே இரண்டு ஏ. என் கணக்கில் அங்கே யாரையும் விடக் கூடாது. கதவு சின்ன விஷயமில்லை. 2018 முதல் நாடு முழுக்க இத்தகைய இல்லங்களில் 2,000-க்கும் மேற்பட்டோர் கவனிப்பாரின்றி வெளியேறியோ வெளியே விடப்பட்டோ இருக்கிறார்கள், அவர்களில் ஏறத்தாழ 100 பேர் இறந்தார்கள் என்று வாஷிங்டன் போஸ்ட் 2023-இல் எழுதியது.

புகார் விசாரணையின் முடிவுச் சொல்லையும் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘நிரூபணமாகவில்லை’ என்றால் நடக்கவில்லை என்று பொருளில்லை. நடந்திருக்கலாம், சாட்சி போதவில்லை என்று பொருள். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் காலையில் நடந்ததை மத்தியானம் மறந்துவிடுகிறவர்கள். ஒரே மாதிரிப் புகார், வெவ்வேறு குடும்பங்களிடமிருந்து, அத்தனையும் நிரூபணமாகாமல் வரிசையாக நின்றால் நான் அதை நிரூபணமானதாகவே எடுத்துக்கொள்வேன். 2020 அறிக்கைகள் இன்னொரு ரகம். கொரோனாவில் அதிகாரிகள் பல இல்லங்களை வீடியோ வழியே சோதித்தார்கள். போன் கேமராவை யார் பிடித்தார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

கோப்பு இப்படித் திறந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் விலை எதிர்த் திசையில் போனது. 2004-இல் அசிஸ்டட் லிவிங்குக்கு நாடு தழுவிய நடுமதிப்பு ஆண்டுக்கு 28,800 டாலர் என்றது ஜென்வொர்த் நிறுவனத்தின் கணக்கெடுப்பு. 2024-இல் அதே நிறுவனம் சொன்னது 70,800. மெமரி கேர் இதற்கும் மேல். பே ஏரியாவின் பெரிய இல்லங்கள் பலவற்றில் மாதம் 8,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. முதியோருக்கான கூட்டரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் தங்கும் செலவுக்குக் காலணா தராது. ஏற்றத்தைக்கூட விலைவாசி என்று விட்டுவிடலாம். விலையைச் சொல்லும் விதம் மாறியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முன்பு இல்லம் நடத்தும் வீட்டுக்காரம்மா மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார். ஆறு படுக்கை வீடுகளில் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். பெரிய சங்கிலி நிறுவனங்களில் அறை வாடகை தனி, ‘கவனிப்பு நிலை’ தனி, மருந்து கொடுப்பது தனி, சேரும்போது திரும்பி வராத கட்டணம் தனி. 2023-இல் கேஎஃப்எஃப் ஹெல்த் நியூஸும் நியூயார்க் டைம்ஸும் சேர்ந்து ரசீதுகளைத் தோண்டியபோது, ரத்த அழுத்தம் ஒருமுறை பார்க்க 12 டாலர், ஊசி ஒன்றுக்கு 50 டாலர், தினமும் இன்ஹேலர் பிடித்துவிட மாதம் 315 டாலர் என்று வந்தது. சேரும்போது முதல் நிலையில் இருந்த அம்மா மூன்று மாதத்தில் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டார் என்று கடிதம் வரும். நிலையை முடிவு செய்கிறவரும் இல்லத்தின் ஆள்தான்.

போனில் விலை கேட்டால் சொல்ல மாட்டார்கள். ‘நேரில் வாருங்கள், மதிய உணவோடு சுற்றிக் காட்டுகிறோம்’ என்பார்கள். இலவசமாக இடம் தேடித் தரும் ஏஜென்சிகள் இருக்கின்றன. அவர்களுக்குப் பணம் கொடுப்பது இல்லம், பல சமயம் ஒரு மாத வாடகையை நெருங்கும் கமிஷன். அவர்கள் பட்டியலில் எந்த இல்லம் வரும், எது வராது என்பதை நீங்களே யூகிக்கலாம். விலையை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கலிபோர்னியாவில் சேர்க்கை ஒப்பந்தத்தின் வெற்றுப் பிரதியைப் பொதுமக்கள் யார் கேட்டாலும் இல்லம் கொடுத்தாக வேண்டும். நகல் எடுக்கும் செலவை மட்டும் வாங்கலாம். மதிய உணவுக்குப் போவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். கட்டண அட்டவணை பெரும்பாலும் பின்னிணைப்பில் ஒளிந்திருக்கும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மறதி முற்றும்போது பின்னால் படித்த ஆங்கிலம் முதலில் போய், பலருக்குத் தமிழ் மட்டும் தங்குகிறது. மகனிடம் நாற்பது ஆண்டுகள் ஆங்கிலம் கலந்து பேசிய அப்பா, ‘ஒண்ணுக்கு வருது’ என்று தமிழில் மட்டும் சொல்வார். வந்து நிற்கும் பிலிப்பினோ உதவியாளர் அருமையான பெண்தான், ஆனால் அவருக்கு அது புரியாது. அப்பா கோபப்படுவார், அது ‘நடத்தைக் கோளாறு’ என்று பதிவாகும், கவனிப்பு நிலை ஒன்று ஏறும். வெந்நீரின் டிகிரி வரை எழுதச் சொல்லும் படிவத்தில் பாஷைக்குக் கட்டம் இல்லை. சாம்பாருக்கும் இல்லை. சிலர் பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அட்டையில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுகிறார்கள். அது வேலை செய்கிறது, ஷிஃப்ட் மாறாதவரை.

ஷிஃப்டில் எத்தனை பேர் என்பதும் கோப்பில் கிடைக்காது. பகல் நேரத்தில் இத்தனை முதியவருக்கு இத்தனை ஊழியர் என்ற எண்ணிக்கையை இந்த மாநில விதி இன்னும் சொல்லவில்லை. ‘போதுமான’ ஆட்கள் வேண்டும் என்கிறது, அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் போய் எண்ணிப் பார்ப்பதுதான் வழி. பிரையர் காலத்து வழிதான், மாறுவேடம் மட்டும் தேவையில்லை.

கடைசியாக ஒரு சங்கதி. துடைத்துவைத்ததுபோல் சுத்தமான பதிவு கண்ணில் பட்டால் உடனே மயங்க வேண்டாம், லைசென்ஸ் தொடங்கிய தேதியைப் பாருங்கள். இல்லம் கைமாறும்போது புதிய எண் பிறக்கிறது. பழைய முதலாளியின் ஏ-க்களும் பி-க்களும் பழைய எண்ணோடு போய்விடும். கட்டடமும், பல சமயம் அதே ஊழியர்களும், அதே பக்கக் கதவும் அங்கேயே இருக்கும். இல்லத்தின் முகவரியைத் தேடல் பெட்டியில் போட்டு, மூடப்பட்ட லைசென்ஸ்களையும் சேர்த்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பழைய பெயரில் ஒரு கோப்பு இருந்தால், முதலில் அதைப் படியுங்கள்.