"எங்கள் ரோட்டுக்குத் தார் வேண்டாம்!"
இத்தாலி மலைக் கிராமங்களைத் தேடி வரும் சைக்கிள்கள்

தார் ரோடு கேட்டு மனுக் கொடுக்காத கிராமம் நம் நாட்டில் உண்டா? "ரோடு போடாவிட்டால் ஓட்டு இல்லை" என்று ஊர் எல்லையில் தட்டி கட்டி வைப்பவர்களை எல்லாத் தேர்தலிலும் பார்க்கிறோம்.

ஆனால் "எங்கள் ரோட்டுக்குத் தார் போடாதீர்கள், கப்பி ரோடாகவே விட்டுவிடுங்கள்" என்று கேட்டவர்களும் இந்த உலகத்தில் உண்டு. அவர்கள் இத்தாலி நாட்டுக்காரர்கள். கேட்டதோடு நிற்கவில்லை. அந்தக் கப்பி ரோட்டில் சைக்கிள் ஓட்டியே அதற்குப் பெருமை தேடித் தந்துவிட்டார்கள்.

92 பேர் தொடங்கியது

இத்தாலியின் நடுப் பகுதியில் டஸ்கனி என்ற மாநிலம் இருக்கிறது. திராட்சைத் தோட்டங்கள், ஆலிவ் மரங்கள், மேடும் பள்ளமுமான குன்றுகள். அவற்றின் நடுவே வெள்ளை வெளேர் என்று ஓடும் சரளைக்கல் ரோடுகள். வெயில் காலத்தில் ஒரு வண்டி போனால் மாவு இடித்தது போலப் புழுதி பறக்கும். "வெள்ளை ரோடுகள்" என்றே அங்கே அவற்றுக்குப் பெயர்.

இந்த ரோடுகள் ஒவ்வொன்றாகத் தாருக்கு அடியில் மறைந்து வந்தன. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று ஜியன்கார்லோ ப்ரோச்சி என்பவர் நினைத்தார். 1997-ம் ஆண்டு கயோலே என்ற சிற்றூரில் சைக்கிள் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தார். வந்தவர்கள் 92 பேர். பயணத்துக்கு வைத்த பெயர் "லெரோய்கா". வீரப் பயணம் என்று சொல்லலாம்.

அதற்கு ஒரு வேடிக்கையான விதி உண்டு. புது மாடல் சைக்கிள் கூடாது! 1987-க்கு முந்திய மாடல், இரும்பு பிரேம், பிரேமின் கீழ்க் கம்பியில் கியர் மாற்றும் பிடி, இவை இருந்தால்தான் அனுமதி. இன்று பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இதற்கு வருகிறார்கள்.

2007-ம் ஆண்டு முதல் தொழில் முறைப் பந்தயக்காரர்களும் இந்த வெள்ளை ரோடுகளில் போட்டியிடுகிறார்கள். பந்தயம் சியேனா நகரத்தின் பெரிய சதுக்கத்தில் முடிகிறது. 2015 முதல் பெண்களுக்கும் தனிப் பந்தயம் நடக்கிறது. கப்பி ரோட்டு சைக்கிள் ஓட்டத்துக்கென்று உலக சாம்பியன் போட்டி முதன் முதலாக 2022-ல் நடந்தது. எங்கே? அதே இத்தாலியில்தான், வெனட்டோ மாநிலத்தில்.

இது என்ன சைக்கிள்?

பார்ப்பதற்குப் பந்தய சைக்கிள் மாதிரிதான் இருக்கும். ஹேண்டில்பார் ஆட்டுக் கொம்பு போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். வித்தியாசம் டயரில் இருக்கிறது. பந்தய சைக்கிளின் டயர் அகலம் 25, 28 மில்லிமீட்டர். இதில் 40 மில்லிமீட்டர் அளவுக்குப் பருமனான டயர். காற்றையும் கல்லாகும்படி அடிக்க மாட்டார்கள். கொஞ்சம் தளர விட்டால்தான் டயர் கல்லைக் கவ்வும், உடம்பும் குலுங்காது.

பல வண்டிகளில் டியூபே கிடையாது. டயருக்குள் பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள். முள் குத்தினால் அந்தத் திரவமே ஓட்டையை அடைத்துவிடும். வாளித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழ் பார்க்கிற வேலை இல்லை! செங்குத்தான ஏற்றத்திலும் மிதிக்க வசதியாகக் கியர்கள். மழையிலும் சேற்றிலும் பிடிக்கக்கூடிய டிஸ்க் பிரேக்குகள். இப்போது பாட்டரி வைத்த சைக்கிள்களும் வந்துவிட்டதால், வயதானவர்களும் மலை ஏறுகிறார்கள்.

சைக்கிளின் கதை இவ்வளவுதான். அது போய்ச் சேரும் ஊர்களின் கதைதான் முக்கியம்.

மலை மேல் ஒரு சமவெளி

டஸ்கனியை விட்டுவிட்டுத் தென்கிழக்கே போவோம். ரோம் நகரத்துக்குக் கிழக்கே, அப்பெனைன் மலைத் தொடரின் உயரமான பகுதியில் அப்ருஸ்ஸோ மாநிலம் இருக்கிறது. இங்கே கிரான் சாஸ்ஸோ என்ற மலைக் கூட்டத்தின் உச்சி 2,912 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட உயரம்.

அந்த உச்சியின் காலடியில், 1,500 மீட்டருக்கு மேலே, திடீரென்று ஒரு பரந்த சமவெளி. பெயர் காம்போ இம்பெராத்தோரே. அதாவது பேரரசரின் வயல். நீளம் சுமார் 27 கிலோ மீட்டர். கண்ணுக்கு எட்டிய தூரம் புல்தான். மரம் என்பது அபூர்வம். மேயும் ஆடுகள், அவிழ்த்துவிட்ட குதிரைகள், சுற்றிலும் மொட்டைப் பாறைகள். இதைக் "குட்டி திபெத்" என்று அழைக்கிறார்கள். 1970-71-ல் வந்து சக்கைப்போடு போட்ட "டிரினிட்டி" கௌபாய்ப் படங்களில் சில காட்சிகள் இந்தப் பக்கத்தில் எடுக்கப்பட்டவைதான். அமெரிக்கா என்று நம்பிக் கை தட்டியவர்கள் நம்மில் எத்தனை பேரோ!

சமவெளியின் நடுவே தார் ரோடு ஒன்று போகிறது. அதிலிருந்து பிரியும் கப்பித் தடங்களில்தான் சைக்கிள்காரர்கள் இறங்குகிறார்கள். வழியில் ஒரு ஆபத்து உண்டு. வெள்ளை ரோமம் அடர்ந்த பெரிய நாய்கள், ஓநாயிடமிருந்து ஆட்டைக் காக்கப் பழக்கப்பட்டவை. வேகமாகச் சைக்கிள் வந்தால் சும்மா விடாது. கிடை தென்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி, சைக்கிளை நாய்க்கும் தனக்கும் நடுவே வைத்துக்கொண்டு, மெதுவாக விலகி நடந்து போக வேண்டும் என்பது அங்கே பாலபாடம்.

பசித்தால் ஆட்டுக்கறி உண்டு. சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, குச்சியில் கோத்து, கரி நெருப்பில் வாட்டித் தருகிறார்கள். ஆட்டிடையர்கள் கண்டுபிடித்த சாப்பாடு அது.

ஆடு போட்ட ரோடு

இந்தத் தடங்களை முதலில் போட்டவர்கள் யார்? எந்த இஞ்சினீயரும் இல்லை. ஆடுகள்தான்!

குளிர் காலம் வந்தால் இந்தச் சமவெளியைப் பனி மூடிவிடும். அதற்கு முன்பே இடையர்கள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தெற்கே பூலியா சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள். வசந்தத்தில் திரும்பி ஏறுவார்கள். லக்விலா நகரத்திலிருந்து பூலியாவில் உள்ள போஜா நகரம் வரைக்கும் போகும் ஆட்டு வழியின் நீளம் 244 கிலோ மீட்டர். அகலம் 111 மீட்டர்! இன்றைய நெடுஞ்சாலைகள்கூட அவ்வளவு அகலம் இல்லை. நடக்கும்போதே மந்தை மேய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் அந்த அகலம்.

இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் மந்தையைத் தஞ்சாவூர் வயல்களுக்கு ஓட்டிப் போய்க் கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே அரசாங்கமே இதில் நேரடியாக இறங்கியது. 1447-ல் நேப்பிள்ஸ் மன்னர் முதலாம் அல்போன்ஸோ இதற்கென்று தனிச் சுங்க இலாகா அமைத்து, மந்தைக்கு வரி வாங்கினார். மலைக் கிராமங்கள் கம்பளி வியாபாரத்தால் கொழித்தன. இந்த மந்தைப் பயணத்தை 2019-ல் யுனெஸ்கோ தன் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

ஊர் காலியான கதை

கொழித்த ஊர் எப்படிக் காலியானது?

19-ம் நூற்றாண்டில் பூலியாவின் மேய்ச்சல் நிலங்கள் கோதுமை வயல்களாக மாறின. ஆடு குறைந்தது. ஆட்டை நம்பியிருந்த ஆட்களுக்குப் பிழைப்பு இல்லை. கப்பல் ஏறி அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெல்ஜியத்துக்குப் போனார்கள்.

பெல்ஜியத்துக்குப் போனது ஒரு பேரத்தின் பேரில். 1946-ல் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இத்தாலி ஆள் அனுப்ப வேண்டும். பெல்ஜியம் நிலக்கரி தரும். ஆளுக்குக் கரி!

1956-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் தீப்பிடித்தது. 262 பேர் மாண்டார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள். அவர்களிலும் 60 பேர் இந்த அப்ருஸ்ஸோ மாநிலத்துக்காரர்கள். மனோபெல்லோ என்ற ஒரே ஊர் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது. வெளியூர் பிழைப்பு என்றால் என்ன என்பது அந்த மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆள் போன பின்னால் ரயிலும் போனது. சுல்மோனா என்ற ஊரிலிருந்து "ஐந்து மைல் சமவெளி"யைக் கடந்து இசர்னியா போகும் ரயில் பாதை 1897-ல் திறக்கப்பட்டது. அதில் ஒரு ஸ்டேஷன் 1,268 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் குன்னூர் நீலகிரி ரயிலில் பல் சக்கரம் உண்டு. இங்கே பல் சக்கரம் இல்லாமலே, வளைந்து வளைந்து அந்த உயரத்துக்கு ஏறினார்கள். அவ்வளவு பாடுபட்டுப் போட்ட பாதையில், 2011-ல் அன்றாட ரயில் நின்றுவிட்டது. ஏற ஆள் இல்லை என்றார்கள். 2014 முதல் பழைய பெட்டிகளைக் கோத்து உல்லாசப் பயணிகளுக்காக மட்டும் சில நாட்கள் ரயில் விடுகிறார்கள். தண்டவாளம் பிழைத்தது. ஆனால் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவனுக்கு அதில் இடம் இல்லை.

சைக்கிள் கொண்டுவந்தது என்ன?

1,250 மீட்டர் உயரத்தில் சாந்தோ ஸ்தெபானோ என்று ஒரு கிராமம். கல் வீடுகள், குறுகலான கல் சந்துகள். முன்பு ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர். இன்று நூறு பேர் சுமாருக்குத்தான் இருக்கிறார்கள். 1999-ல் மோட்டார் சைக்கிளில் இந்தப் பக்கம் வந்த ஒருவர், பாழடைந்து கிடந்த வீடுகளை வாங்கத் தொடங்கினார். இடித்துக் கட்டவில்லை. புகை படிந்த சுவரையும் பழைய கதவையும் அப்படியே வைத்துத் தங்கும் அறைகள் ஆக்கினார். ஒரே கட்டிடத்தில் ஓட்டல் என்று இல்லாமல், ஊர் முழுவதும் சிதறிக் கிடக்கும் அறைகள். "சிதறிய விடுதி" என்றே இந்த முறைக்குப் பெயர் வந்தது.

2009 ஏப்ரல் 6-ந் தேதி லக்விலா நகரத்தை உலுக்கிய பூகம்பத்தில் 309 பேர் இறந்தார்கள். சாந்தோ ஸ்தெபானோவின் அடையாளமாக நின்ற பழைய கோபுரமும் அன்று இடிந்து விழுந்தது. பிறகு அதை மறுபடியும் கட்டி எழுப்பினார்கள்.

இந்த மாதிரி ஊர்களுக்குத்தான் கப்பி ரோட்டு சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். காரில் வருகிறவர் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். சைக்கிளில் வருகிறவரால் அது முடியாது. களைத்து வருகிறார். குடிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், இரவு தங்க வேண்டும். ஊரில் விளையும் பருப்பை வாங்குகிறார். கீழே நவெல்லி சமவெளியில் விளையும் குங்குமப்பூவைக் கேட்கிறார். காசு ஊருக்குள்ளேயே விழுகிறது.

தார் போடாத ரோடு இத்தனை நாளும் ஏழ்மையின் அடையாளமாக இருந்தது. இப்போது அதுவே ஊரின் சொத்து. மோட்டார் வண்டிகளின் தொல்லை இல்லாத ரோடு என்று தேடி வருகிறார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சைக்கிள் விருந்தாளியைக் கொண்டுவரும். போன பிள்ளையைக் கொண்டுவராது. விருந்தாளி வருவது மே மாதம் முதல் அக்டோபர் வரைக்கும்தான். பனி விழுந்துவிட்டால் மேட்டுச் சமவெளிக்கு ஏறும் ரோடே அடைபடும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் இல்லாத ஊரில் இளம் தம்பதி எப்படிக் குடியிருப்பார்கள்? விடுதி வைத்தால் மட்டும் ஊர் ஆகிவிடாது.

நம்மவர் கால் பட்ட மண்

இந்த மலைகளுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1943 நவம்பரில் அப்ருஸ்ஸோவின் சாங்ரோ ஆற்றங்கரையில் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்ட படைகளில் 8-வது இந்திய டிவிஷனும் ஒன்று. அந்த ஆற்றருகே உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில், தகனம் செய்யப்பட்ட 500-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

நம் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் முகாம் கொண்டிருக்கும் மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் இத்தாலியில் இருந்தார்கள். கண்ணிவெடி அகற்றி, ரோடும் பாலமும் போட்டுப் படைக்கு வழி விடுவது அவர்கள் வேலை. 1944 பிப்ரவரி 24-ந் தேதி, தெற்கே மின்யானோ என்ற மலையூரில், கூட வந்த வீரர் ஒருவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில வினாடிகளே இருந்தன. சுபேதார் சுப்பிரமணியன் அதன் மேல் பாய்ந்து விழுந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு மரணத்துக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அளிக்கப்பட்டது. இன்று இத்தாலியின் மலை ரோடுகளில் சைக்கிள் பயமில்லாமல் உருளுகிறது என்றால், அதற்கு இப்படி உயிர் கொடுத்தவர்களும் காரணம்.

ஆகஸ்டு மாதம்

அந்த மலைக் கிராமங்கள் நிறைந்து காணப்படும் மாதம் ஒன்று உண்டு. ஆகஸ்டு. 15-ந் தேதி மாதா திருவிழாவை ஒட்டி ரோம், மிலான் நகரங்களில் வேலை பார்ப்பவர்களும், கடல் கடந்து போனவர்களின் பேரப் பிள்ளைகளும் ஊர் வந்து சேருகிறார்கள். பூட்டிக் கிடந்த கதவுகள் திறக்கின்றன. திண்ணைகளில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. கோயில் கொடைக்கு லீவு போட்டு ரயில் ஏறும் நமக்கு இது நன்றாகப் புரியும்.

மாதம் முடிந்ததும் மறுபடியும் பூட்டு. அதன் பிறகும் செப்டம்பர் வெயிலில் சைக்கிள்கள் வந்துகொண்டிருக்கும். அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்க ஒருவர் ஊரிலேயே தங்கிவிட முடிவு செய்தால், அந்தக் கப்பி ரோடு தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஒருவருடைய பிள்ளை படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டுமே! அதைச் செய்ய வேண்டியது அரசாங்கம்.