38 ஏக்கர் தீவு... உலகில் வேறெங்கும் இல்லாத பல்லி! தெரியுமா?

ஒரு பல்லி இனம் முழுவதற்கும் உலகத்தில் ஒரே ஒரு முகவரிதான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்! கரீபியன் கடலில், புவேர்ட்டோ ரிக்கோவுக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் நடுவே இருக்கிறது மோனிட்டோ என்ற தீவு. மோனிட்டோ பல்லியின் வீடு அது ஒன்றுதான்!

தீவு எவ்வளவு பெரியது தெரியுமா?
வெறும் 38 ஏக்கர்! அதாவது சுமார் 15 ஹெக்டேர். அந்த இனத்தின் மொத்த உலகமே அவ்வளவுதான்! பக்கத்தில் இருக்கும் மோனா தீவு சுமார் 5 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் அங்கேகூட இந்தப் பல்லி கிடையாது!

கரை இறங்க முடியுமா?
மணல் கரையா? மூச்! நாலாபுறமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. உயரம் சுமார் 66 மீட்டர்! மனிதர் யாரும் குடியில்லை. மேலே தட்டையான பாறைவெளி, முள்ளும் புதரும், கூட்டம் கூட்டமாகக் கடற்பறவைகள்!

பல்லி எத்தனை பெரிசு?
வாலை விட்டுவிட்டு அளந்தால் 4 சென்டிமீட்டருக்கும் குறைவு! உங்கள் சுண்டுவிரலைவிடக் குட்டி! பகலில் கல்லைப் புரட்டினால் அடியில் இருக்கும். அதிகம் பார்க்க வேண்டுமா? இரவில் டார்ச் லைட்டோடுதான் தேட வேண்டும்!

ஒரே ஒரு முட்டை!
இதன் பேரினத்துப் பல்லிகள் ஒரு தடவைக்கு எத்தனை முட்டை இடும் தெரியுமா? ஒன்றே ஒன்று! கண்ணுக்கு இமையும் கிடையாது. தூசு விழுந்தால்? நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ளும்!

இதைவிடக் குட்டி உண்டா?
உண்டு! இதே பேரினத்தில் டொமினிக்கன் குடியரசில் ஒரு சொந்தக்காரப் பல்லி இருக்கிறது. 2001-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. முழுதாக வளர்ந்த பிறகும், வால் நீங்கலாக, நீளம் வெறும் 16 மில்லிமீட்டர்!

மோனிட்டோ பல்லியை எப்போது கண்டுபிடித்தார்கள்?
1974-இல்தான்! மனிதன் நிலாவில் கால் வைத்து ஐந்து வருடம் கழித்து! 1977-இல் ஆல்பர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

தீவின் தலையில் குண்டு!
இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்க ராணுவம் குண்டு வீசிப் பயிற்சி எடுத்த இடம் எது தெரியுமா? இதே மோனிட்டோதான்! 38 ஏக்கரில் குண்டு மழை! அதற்கும் தப்பிப் பிழைத்தது இந்தச் சுண்டுவிரல் பல்லி!

அடுத்த வில்லன் யார்?
எலி! தீவில் கருப்பு எலிகள் பெருகிவிட்டன. 1980-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் தேடிப் போனபோது கண்ணில் பட்ட பல்லிகள் எத்தனை தெரியுமா? 30-ஐக்கூடத் தாண்டவில்லை! 1982-இல் அமெரிக்க அரசு இதை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாக அறிவித்தது.

எலி வேட்டை!
1990-களில் எலி ஒழிப்பு தொடங்கியது. ஒரு தடவை போதவில்லை. விட்டார்களா? இல்லை! சில வருடம் கழித்து மறுபடியும் நஞ்சு வைத்தார்கள். 1999-க்குப் பிறகு தீவில் ஓர் எலிகூட இல்லை!

இப்போது எத்தனை பல்லிகள்?
மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்! 2016-இல் முறையாகக் கணக்கெடுத்தார்கள். மதிப்பீடு சுமார் 7,600! ஏக்கருக்குச் சராசரியாக 200 பல்லிகள்! பல்லிகளை எங்கிருந்தாவது கொண்டுவந்து விட்டார்களா? கூண்டில் வளர்த்தார்களா? எதுவுமே இல்லை! எலியை அகற்றினார்கள், அவ்வளவுதான்! மிச்சத்தைப் பல்லிகளே பார்த்துக்கொண்டன!

பட்டியலிலிருந்து விடுதலை!
2019-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து இதன் பெயரை நீக்கினார்கள். அழிந்துபோனதால் பெயர் நீங்கிய உயிரினங்கள் உண்டு. இது பிழைத்து வென்றதால் நீங்கியது!

ஆபத்து முழுசாகத் தீர்ந்துவிட்டதா? இல்லை! ஒரே தீவில் வாழும் உயிருக்கு, தப்பித் தவறி ஒரு படகில் ஏறி வரும் இரண்டு எலிகள் போதும். அதனால்தான் கண்காணிப்பு அவசியம். நீங்களும் எந்தக் குட்டித் தீவுக்காவது படகில் போனால், மூட்டையை ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அங்கே உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு உயிர் குடியிருக்கலாம்!