பிடிபட்டால் சிறை இல்லை! சீட்டு உண்டு!

போர்ச்சுகல் நாட்டின் தலைநகரம் லிஸ்பன். அங்கே ஒரு சந்து. ஒரு வாலிபன் சுவர் ஓரமாக நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

போலீஸ்காரர் வருகிறார். சட்டைப் பையைச் சோதிக்கிறார். சிறு பொட்டலம் ஒன்று கிடைக்கிறது. பிரித்துப் பார்த்தால், உள்ளே ஹெராயின்! அபினில் இருந்து செய்யப்படும் கொடிய போதைத் தூள் அது.

கையில் விலங்கு விழும் என்றுதான் நாம் நினைப்போம். விழாது!

போலீஸ்காரர் பொட்டலத்தைப் பறிமுதல் செய்வார். எடை போடுவார். 1 கிராமுக்கு மேல் இல்லை என்றால் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். 72 மணி நேரத்துக்குள் ஒரு கமிட்டியின் முன்னால் வாலிபன் ஆஜராக வேண்டும். அவ்வளவுதான்.

இது 2001-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த சட்டம்.

மூன்று பேர் கமிட்டி

அந்தக் கமிட்டியைக் கோர்ட்டு என்று எண்ணிவிடக் கூடாது. குற்றவாளிக் கூண்டு கிடையாது. கறுப்பு அங்கி கிடையாது. ஒரு மேஜை, சில நாற்காலிகள். எதிரே மூன்று பேர். ஒருவர் சட்டம் படித்தவர். மற்ற இருவர் மருத்துவம், மனோதத்துவம், சமூக சேவை போன்ற துறைகளைச் சேர்ந்தவர்கள்.

"எவ்வளவு நாளாகப் பழக்கம்? வேலை இருக்கிறதா? வீட்டில் யார் யார்?" என்ற முறையில் விசாரணை நடக்கும்.

ஏதோ ஆசைக்குத் தொட்டவனா, அடிமையாகிப் போனவனா என்று முதலில் பார்ப்பார்கள். ஆசைக்குத் தொட்டவனுக்கு எச்சரிக்கை. சில சமயம் அபராதம். அடிமையானவனுக்கு அபராதமே கிடையாது. காரணம் எளிது. அவனிடம் பணம் கேட்டால் அவன் எங்கே போவான்? திருடத்தான் போவான்!

அவனைச் சிகிச்சைக்கு வரும்படி சொல்வார்கள். வந்தால் வழக்கை நிறுத்தி வைப்பார்கள். வர மறுத்தால் கட்டி இழுத்துப் போவதில்லை. குறிப்பிட்ட இடங்களுக்குப் போகக் கூடாது என்று தடை போடலாம். குறிப்பிட்ட நாட்களில் வந்து ஆஜராகச் சொல்லலாம்.

விற்பவன் நிலை வேறு. அவனுக்குச் சிறைதான். அதில் மாற்றம் இல்லை.

2023 வரை, ஒரு ஆள் 10 நாட்களுக்கு உபயோகிக்கும் அளவே எல்லையாக இருந்தது. கஞ்சா இலை என்றால் 25 கிராம். கொக்கேன் 2 கிராம். (இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு அளவாகப் பொட்டலம் வைத்திருக்கும் வியாபாரியும் இருப்பானே என்று கேட்கத் தோன்றுகிறது. நியாயமான கேள்வி. விற்றதற்கு அடையாளம் இருந்தால், எடை குறைவாக இருந்தாலும் தப்ப முடியாது.)

ஒரு கோடியில் ஒரு லட்சம்

வாஸ்கோடகாமா பிறந்த நாடு அது. நம் முன்னோர்கள் "பறங்கியர்" என்றார்களே, அவர்கள் நாடு. மிகவும் கட்டுப்பெட்டியான நாடாக இருந்தது. சுமார் அரை நூற்றாண்டு சர்வாதிகார ஆட்சி.

1974 ஏப்ரல் 25-ந் தேதி அந்த ஆட்சி கவிழ்ந்தது. அங்கோலா, மொசாம்பிக் யுத்தங்களுக்குப் போயிருந்த சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். பலர் கஞ்சாப் பழக்கத்தோடு வந்தார்கள். பின்னாலேயே ஹெராயின் வந்தது.

போதை என்றால் என்ன என்றே அறியாத ஜனங்கள்! ஏழை, பணக்காரன் என்ற பேதம் இல்லாமல் வீட்டுக்கு வீடு புகுந்தது. 1999-ல் மக்கள் தொகை ஒரு கோடி. அதில் சுமார் ஒரு லட்சம் பேர் ஹெராயினுக்கு அடிமை!

லிஸ்பனில் கசால் வென்டோசோ என்று ஒரு மேட்டுச் சேரி இருந்தது. தினமும் ஆயிரக் கணக்கானவர்கள் அங்கே போதை வாங்க வந்தார்கள். அங்கேயே ஊசி போட்டுக்கொண்டு அங்கேயே விழுந்து கிடந்தார்கள். ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போட்டார். எய்ட்ஸ் பரவியது.

போலீஸ் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. சிறையும் நிரம்பிக்கொண்டுதான் இருந்தது. கைதிகளில் 100-க்கு 40 பேருக்கு மேல் போதை வழக்குக் கைதிகள். வெளியே வந்தவன் மறுபடி ஊசியைத் தேடினான்.

1998-ல் சர்க்கார் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அதில் ஜோவா கூலாவோ என்ற டாக்டர் இருந்தார். தெற்கே கடற்கரை ஊர் ஒன்றில் குடும்ப டாக்டராக இருந்து, தம்மிடம் வந்த தாய் தகப்பன்மாரின் கண்ணீரைப் பார்த்தவர். அடிமையானவன் நோயாளி என்று குழு சொன்னது. அப்போது பிரதம மந்திரி அன்டோனியோ குட்டரெஸ். பின்னால் 2017-ல் ஐ.நா. பொதுச் செயலாளர் ஆனாரே, அவர்தான்.

எதிர்க்கட்சிகள் கூச்சல் போட்டன. உலகத்துப் போதைக்காரர்கள் எல்லாம் விமானம் ஏறி வந்துவிடுவார்கள் என்று பயமுறுத்தின. யாரும் அப்படி வரவில்லை.

சிறைக்குச் செலவான பணத்தில் ஒரு பகுதி சிகிச்சைக்குப் போயிற்று. ஹெராயினுக்குப் பதிலாக மெதடோன் என்ற மருந்தைத் தினமும் இலவசமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். வண்டியிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பழைய ஊசிக்குப் புது ஊசி மாற்றித் தரும் ஏற்பாடு 1993 முதலே இருந்தது. ஊசியால் எய்ட்ஸ் கிருமி தொற்றியவர்கள் முன்பு வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல். அது பிறகு சில பத்துப் பேர் என்று குறைந்தது.

ஆரிகனில் என்ன ஆயிற்று?

அமெரிக்காவில் ஆரிகன் மாகாணம் இதைப் பார்த்துத் தானும் செய்தது. 2021 பிப்ரவரியில் சிறைத் தண்டனையை எடுத்தது. பிடிபட்டால் 100 டாலர் அபராதச் சீட்டு. ஒரு எண்ணுக்கு டெலிபோன் செய்து விவரம் சொன்னால் அபராதம் ரத்து.

ஆனால், டெலிபோன் செய்தவர்கள் மிகச் சிலரே! எதிரே உட்கார்ந்து விசாரிக்க மூன்று பேர் அங்கே இல்லை. சிகிச்சை நிலையங்களுக்குப் பணமும் தாமதமாகவே வந்தது. அந்தச் சமயத்தில் பென்டனில் என்ற, ஹெராயினை விடக் கொடிய போதை ஊரெங்கும் பரவியது. ஜனங்கள் கொதித்தார்கள். 2024 செப்டம்பர் 1-ந் தேதி முதல் மறுபடி அது குற்றம் ஆயிற்று.

போர்ச்சுகலிலும் எல்லாம் சுகம் என்று சொல்ல முடியாது. பணமுடை வந்தபோது, 2012-ல், சிகிச்சையை நடத்திய தேசிய நிறுவனத்தைக் கலைத்தார்கள். பொறுப்பை வட்டாரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கை தளர்ந்தது. போர்ட்டோ நகரத் தெருக்களில் மறுபடி ஊசிகள் கிடந்தன. பள்ளிக்கூடங்களின் பக்கத்தில் போதை போடுவதைக் குற்றமாக்க வேண்டும் என்று 2023-ல் அந்த ஊர் மேயரே கேட்டார்.

சர்க்கார் சிறைக்குத் திரும்பவில்லை. சிதறிக் கிடந்த சிகிச்சைப் பிரிவுகளை அதே ஆண்டில் மீண்டும் ஒரே நிறுவனத்தின் கீழ் சேர்க்க உத்தரவிட்டது. அதன் தலைமைக்கு அழைக்கப்பட்டவர், அதே டாக்டர் கூலாவோ.