தளிர்க்கும் புங்கனை வெட்டாதீர்

மாசி மாதத்தில் காங்கேயம் வட்டாரச் சாலைகளில் செல்வோர், இலையுதிர்ந்து நிற்கும் புங்க மரங்களைக் கண்டிருப்பர். "மரம் பட்டுவிட்டதே, வெட்டிவிடலாமா?" என நம்மிடம் கேட்போரும் உளர். சில நாள்கள் பொறுத்தால் மரமே விடை தந்துவிடும். செம்பு நிறமும் இளஞ்சிவப்பும் கலந்த தளிர்கள் கிளையெங்கும் அரும்பும். பின்னர் இளம்பச்சையாகி, சித்திரை வெயில் கொளுத்தும் வேளையில் அடர்ந்த குடையாக விரியும்.

புங்கன் நம் மண்ணுக்குரிய மரம். 'பொங்கேமியா' என்னும் தாவர நூற்பெயரே தென்னாட்டுப் பெயரிலிருந்து எடுக்கப்பட்டதாகும். அவரைக் குடும்பத்தைச் சார்ந்ததாதலின், அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றித் தருகின்றன. நம் பகுதியின் வறட்சியையும் அது தாங்கி வளரும்.

அழகும் நிழலும் நமக்கெனில், உணவு பிற உயிர்களுக்கு. கோடையில் பூக்களைத் தேனீக்கள் மொய்க்கும். சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இதன் இலையைத் தின்றே வளர்கின்றன. இலைகளில் கொப்புளங்களைக் கண்டு, நோய் என அஞ்சிப் பூச்சிமருந்து தெளிப்பவர் சிலர். அக்கொப்புளங்கள் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்களால் உண்டாகுபவை. வளர்ந்த மரத்திற்கு அவற்றால் பெருங்கேடு இல்லை. மருந்து தெளித்தாலோ தேனீயும் மடியும். புழுவைத் தேடிவரும் தையற்சிட்டின் குஞ்சுகளும் இரையின்றி வாடும்.

கொறங்காட்டிலுள்ள வெள்வேலை அகற்றிவிட்டுப் புங்கன் நடுமாறு நாம் கூறவில்லை. வெள்வேலின் காய்கள் காங்கேயம் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தீவனமன்றோ! சாலையோரம், ஆலை வளாகம், பள்ளி முற்றம் ஆகியவையே புங்கனுக்கு ஏற்ற இடங்கள். திருப்பூரில் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம், தொழில் நகரத்தாரும் மரம் வளர்க்க முடியும் எனக் காட்டியுள்ளது.

முற்றிய நெற்றுகளிலிருந்து எடுத்த புது விதைகள் எளிதில் முளைக்கும். ஒன்றரை அடி ஆழக் குழியில் தொழுவுரமிட்டு, ஐப்பசி மழையில் கன்றை நடுக. சுற்றிலும் முள்வேலி இடுக. முதலிரு கோடைகளில் தவறாது நீர் ஊற்றுதல் வேண்டும். விதை நச்சுத்தன்மை உடையதாகையால் குழந்தைகள் வாயில் வைக்கலாகாது. அதன் எண்ணெய் விளக்கெரிக்கவும், பிண்ணாக்கு உரமாகவும் உதவும்.

"குப்பை விழுகிறது" என்பதே பல இல்லங்களில் புங்கனை வெட்டச் சொல்லும் காரணம். உதிர்ந்த இலைகளைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே குவித்து வைப்பீராக. அவை மட்கி, அம்மரத்திற்கே உரமாகும்.