ஒன்றே முக்கால் ரூபாயும் நான்கு சட்ட மாணவர்களும்

1878ஆம் ஆண்டு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக முதன்முதலில் ஓர் இந்தியர், டி. முத்துசாமி ஐயர், நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயர் கையிலிருந்த பத்திரிகைகள் அதைத் தாக்கி எழுதின. தக்க பதில் சொல்ல வேண்டும் என்று திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் துடித்தார்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதி அச்சடித்து, செப்டம்பர் 20 அன்று ஒரு வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். அதுதான் ‘தி இந்து’. அந்த அறுவரில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் பாடம் நடத்துகிறவர்கள். மற்ற நால்வரும் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள்.

அந்த நால்வரைப் போலப் பத்திரிகையாளராக விரும்பும் மாணவர்கள் இன்று முதலில் கேட்பது, எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், வழிகளும் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இதழியல் படிக்கலாம். சென்னையில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் பட்டதாரிகளுக்கு ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறது. எந்தத் துறையில் படித்தாலும், படிக்கும்போதே களத்துக்குப் போய் எழுதிப் பழக விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல தலைமுறைகளுக்கு வாசல் திறந்துவிட்டிருக்கிறது.

ஆனால் மாணவரிடம் இருக்கும் பெரிய சொத்து வேறு. வேலையில் இருக்கும் நிருபரிடம் இல்லாத அவகாசம் அவரிடம் இருக்கிறது. காலையில் அமைச்சர் விழா, மதியம் நீதிமன்றம், மாலையில் ஆர்ப்பாட்டம் என்று ஓடுகிற நிருபரால் ஒரே விஷயத்தை ஆறு மாதம் பின்தொடர முடிவதில்லை. மாணவரால் முடியும்.

கிராம சபையை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் ஊர்தோறும் கூடுகிறது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டத் தீர்மானம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே போய் உட்காரும் மாணவி தீர்மானத்தைக் குறித்துக்கொள்கிறாள். தலைவர், வார்டு உறுப்பினர், ஊராட்சிச் செயலாளர் என்று ஒவ்வொருவரிடமும் பேசுகிறாள். பிறகு தெருக்குழாயில் குடத்தோடு நிற்கும் பெண்களிடம் போகிறாள். ஒரே தொட்டியைப் பற்றி நான்கு விதமான கதைகள் கிடைக்கின்றன.

எது உண்மை? காகிதத்தைக் கேட்க வேண்டியதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய் கட்டணத்தோடு எந்தக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அலுவலர் காரணம் கேட்கக் கூடாது. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், பணி முடிந்ததாக எந்தத் தேதியில் கையெழுத்தானது என்று கேள்வியைத் துல்லியமாக எழுதுவதே தனிப் பயிற்சி. வளவளவென்று கேட்டால் வளவளவென்றுதான் பதில் வரும்.

வந்த பதிலைப் படிக்கக் கணக்கும் வேண்டும். வேலையின்மை 10 சதவீதத்திலிருந்து 15 ஆனால், அது ஐந்து சதவீதப் புள்ளி உயர்வு. விகிதமாகச் சொன்னால் 50 சதவீத உயர்வு. இந்த வித்தியாசம் தெரியாமல் போடும் தலைப்பு வாசகரை ஏமாற்றிவிடும்.

பெயர்களில் தமிழ் நிருபருக்குத் தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் கந்தனா காந்தனா என்று சொல்லிவிட முடியாது. ல, ள இரண்டுக்கும் அங்கே ஒரே எழுத்து. நோட்டை நீட்டி, “உங்க பேரை நீங்களே தமிழ்ல எழுதிக் குடுங்க” என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தன் பெயர் ஒரே ஒரு முறை அச்சில் வரும் எளிய மனிதருக்கு அது பிழையாக வந்தால் எவ்வளவு வலிக்கும்!

1904இல், 22 வயதைத் தொடும் நேரத்தில், சுப்பிரமணிய பாரதி ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த முக்கிய வேலை மொழிபெயர்ப்பு. இன்றும் தமிழ் டெஸ்க்குக்கு வரும் ஏஜென்சி செய்திகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் வருகிறது. ஆங்கிலத்தை நன்றாகப் புரிந்துகொண்டு, அதை மறந்துவிட்டுத் தமிழில் எழுதத் தெரிய வேண்டும். ‘அமைச்சரால் பாலம் திறந்து வைக்கப்பட்டது’ என்று எழுதுகிற கை, ‘அமைச்சர் பாலத்தைத் திறந்து வைத்தார்’ என்று எழுதப் பழக வேண்டும். தினம் ஒரு செய்தியை இப்படி மாற்றி எழுதினாலே ஓராண்டில் கை பழகிவிடும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கைபேசியில் படம் பிடித்து உடனே பதிவேற்றும் காலம் இது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி என எந்த அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். தெரியாமல் செய்துவிட்டேன் என்றால், அந்தக் குழந்தைக்கு நேர்ந்த தீங்கு நீங்கிவிடாது.

வருமானத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வட்டார அளவில் வேலை செய்யும் பகுதிநேர நிருபர்கள் பலருக்கு நிரந்தர மாதச் சம்பளம் கிடையாது. தொடக்கக் காலம் கடினமானது என்று தெரிந்தே வீட்டில் பேசி முடிவெடுப்பது நல்லது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் தலையங்க நாற்காலியை விட்டு எழுந்து நாட்டின் ஏழ்மையான மாவட்டங்களுக்குப் போனார். ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றில் உண்டு. அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் ஓட்டக் கற்ற புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றி அவர் எழுதினார். ஒரு சைக்கிள் அந்தப் பெண்களின் வாழ்வில் என்னென்ன மாற்றியது என்பது அங்கே போய்த் தங்கிப் பேசியவருக்குத்தான் தெரியும். 2014இல் அவர் தொடங்கிய ‘பாரி’ இணைய இதழ் தமிழிலும் வெளிவந்திருக்கிறது. கிராமங்களுக்குப் போய் மாணவர்கள் எழுதியதையும் வெளியிட்டிருக்கிறது.

கிராம சபைக்குப் போன மாணவிக்குப் பதில் கடிதம் வந்துவிட்டது. தொட்டி வேலை முடிந்து, தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விடுவதாக அதில் இருக்கிறது. மறுநாள் ஐந்தே முக்காலுக்கு அவள் நோட்டோடு தெருக்குழாய் அருகே நிற்கிறாள். குடங்கள் ஏற்கெனவே வரிசையில் இருக்கின்றன.