டப்பாவில் இருக்கும் வைட்டமின் டி போதுமா?

32 வாரத்தில் பிறந்து, இன்குபேட்டரில் தேறி, 2 கிலோ எடையோடு வீட்டுக்கு வருகிறது ஒரு குழந்தை. தாய்ப்பால் இல்லாததால் டாக்டர் சொன்ன பவுடர் பால்தான் ஆகாரம். கூடவே வைட்டமின் டி சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்திருக்கிறார். “பால் டப்பாவிலேயே வைட்டமின் டி போட்டிருக்கே, இது வேற எதுக்கு?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கரைத்த பால் 100 மில்லிக்கு 1 மைக்ரோகிராம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 40 யூனிட். 2 கிலோ குழந்தை ஒரு நாளில் சுமார் 350 மில்லி குடிக்கும்; கிடைப்பது 140 யூனிட். தேவையோ குறைந்தது 400. குறைமாதக் குழந்தைகளுக்கென்றே தயாராகும் பவுடரில் இந்தச் சத்து கூடுதலாக இருக்கும். அதற்கேற்ப மருந்தின் அளவை டாக்டர் குறைப்பார்.

குறைமாதக் குழந்தைக்கு இந்தச் சத்து ஏன் இவ்வளவு முக்கியம்? கால்சியமும் பாஸ்பரஸும் தாயிடமிருந்து குழந்தைக்கு அதிகமாகச் சேர்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். முந்திப் பிறந்த குழந்தைக்கு அந்த வரவு பாதியில் நின்றுபோகிறது. எலும்பு மெலிந்து, சில குழந்தைகளுக்கு முறிவுகூட ஏற்படுகிறது. பாலில் உள்ள கால்சியத்தைக் குடல் நன்றாக உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும்.

காலை இளவெயிலில் காட்டினால் போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சாய்ந்து விழும் அந்த வெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்கள் குறைவு. துணி விலக்கினால் 2 கிலோ குழந்தையின் உடல் சூடும் சட்டென இறங்கிவிடும்.

குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் ஆபத்து. ஒரு மில்லியில் 400 யூனிட், 800 யூனிட் என இருவகைச் சொட்டு மருந்தும் கடையில் கிடைக்கிறது. 400 யூனிட் பாட்டிலுக்குப் பதில் 800 யூனிட் பாட்டிலை வாங்கி அதே கோடுவரை டிராப்பரில் எடுத்தால், அளவு இரட்டிப்பாகிவிடும். 2010-லேயே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., டிராப்பரில் அளவுக்கு மீறி எடுத்துவிடும் தவறைப் பற்றி எச்சரித்தது. வைட்டமின் டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். குழந்தை வாந்தி எடுக்கும், பால் குடிக்க மறுக்கும், சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டரிடம் கேளுங்கள்: எத்தனை யூனிட், எத்தனை மில்லி, எத்தனை மாதம்? விடையை மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்தடுத்த பரிசோதனைக்குப் போகும்போது பால் டப்பாவையும் மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பவுடரை மாற்றினாலும் மருந்தை மாற்றினாலும், டாக்டரிடம் சொல்லாமல் பழைய அளவைத் தொடராதீர்கள்.