தோட்டத்து லயத்திலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா முதலிய ஊர்களைச் சுற்றிப் பால்மரத் தோட்டங்கள் பரந்து கிடந்த காலத்தில், தொழிலாளிக்கு நிர்வாகம் அளித்த லயத்து வீடு வேலையோடு வந்து வேலையோடு போகிற வீடாகவே இருந்தது. அவ்வீட்டிலேயே பிறந்து, அவ்வீட்டிலேயே மக்களைப் பெற்று, ஆயுளெல்லாம் பால் வெட்டியவனாயினும், ஓய்வு பெற்ற பின்போ தோட்டம் கைமாறிய பின்போ மூட்டை முடிச்சுடன் வெளியேறுவதன்றி அவனுக்கு வேறு கதியில்லை. 1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது இந்த அவலம் ஊரறியப் பெருகிற்று. சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் அந்நாளில் அமைச்சராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரின் சிறு பங்குத் தொகைகளைத் திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கும் நோக்கத்துடன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அக்காரணத்தாலேயே. பின்னர் வந்த 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், தோட்ட நிர்வாகம் அளிக்கும் வீட்டின் தரத்தை நிர்ணயித்தது. ஆனால் வேலை முடிந்தபின் தொழிலாளி எங்கே குடியிருப்பான் என்ற கேள்வி அப்படியே நின்றது.

அக்கேள்விக்கு இன்று ஈப்போ வட்டாரத்தில் சில விடைகள் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கத்தின் மக்கள் வீடமைப்புத் திட்டம், மூன்று படுக்கையறைகள் கொண்ட, ஏறக்குறைய 700 சதுர அடி வீட்டை நாட்டின் பல இடங்களில் மாதம் 124 வெள்ளி வாடகைக்குத் தருகிறது. ஒரு காலத்தில் 25,000 வெள்ளி விலையில் கட்டப்பட்ட பழைய மலிவுவிலை வீடுகளை வாங்குவோர், ஊழியர் சேமநிதியிலிருந்து ஒரு பகுதியை அதற்கென எடுத்துக்கொள்ள வழியிருக்கிறது. முழங்கால் தேய்ந்த முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளர், மின்தூக்கியற்ற ஐந்து மாடிக் கட்டடத்தில் உச்சிமாடி கிடைத்தபின் வருந்துவதைவிட, தம் உடல்நிலையை மருத்துவச் சான்றுடன் மனுவிலேயே எழுதிக் கீழ்த்தளம் கோருவது உத்தமம்.

தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்போர் நிலை இன்னும் கவனத்துக்குரியது. வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லாத இந்நாட்டில், எழுதி முத்திரையிட்ட ஒப்பந்தமே குடியிருப்பவனுக்குப் பெரும் பாதுகாப்பு. குடிபுகும் நாளிலேயே மின்மானி, நீர்மானி அளவுகளைக் குறித்து, சுவர் விரிசல்களையும் குழாய்களையும் படமெடுத்து வைத்தவனுக்குப் பின்னாளில் முன்பணத்துக்காக வழக்காட நேராது. வாடகைக் காலம் முடிந்தும் ஒருவர் காலி செய்யாதிருந்தால்கூட, நீதிமன்றத்தின் வழியாகவே அவரை வெளியேற்ற வேண்டும் என்பது 1950-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. பூட்டை மாற்றிச் சாமான்களை வெளியே எறியும் உரிமை எந்த வீட்டுக்காரருக்கும் இல்லை. இதை அறியாமல் இரவோடிரவாக வீதிக்கு வரும் குடும்பங்களை எண்ணும்போது மனம் பதைக்கிறது.

வீடு கிடைத்துவிட்டாலும், அதில் வாழும் முறை புதிதாகக் கற்க வேண்டியதாகிறது. லயத்தில் அடுப்பு பின்கட்டில் எரிந்தது. நெருப்பென்றால் வாசலுக்கு ஓடினாற் போதும். மாடி வீட்டிலோ திருடனுக்கு அஞ்சிப் பூட்டிய கம்பிக் கதவே தீ விபத்தில் உயிருக்கு எமனாகிறது. ஆகவே சாவி கதவருகே, குழந்தைக்கும் தெரிந்த ஓரிடத்தில், இருட்டிலும் கைக்கு எட்டும்படி எப்போதும் தொங்க வேண்டும். சன்னற் கம்பிகளில் ஒன்றேனும் உள்ளிருந்து திறக்கத்தக்கதாய் இருக்கவேண்டும். சமையல் வாயு காற்றினும் கனமானது, தரையோடு படர்ந்து தேங்கும். நாற்றம் எழுந்தால் மின்விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தோம்பை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியேறிய பின்பே 999-ஐ அழைக்கவேண்டும். வெடிப்பு விட்ட ரப்பர் குழாயை மாற்றாமல் வைத்திருப்பது சிக்கனமாகாது. சாமியறையில் குத்துவிளக்கையும் கற்பூரத்தையும் திரைச்சீலைக்கு அப்பால், கல் அல்லது உலோகத் தட்டின்மேல் வைப்பது பக்திக்கு எவ்விதத்திலும் குறைவன்று. மின்கசிவின்போது தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்; குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி தனியே இருக்கிறதா என்றும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கேளுங்கள்.

மேல்வீட்டிலிருந்து நீர் கசிவது அண்டை வீட்டாரைப் பகைவராக்கும் தொல்லை. சொந்தமாக வாங்கிய அடுக்குமாடி வீடுகளுக்கு 2013-ஆம் ஆண்டின் ஸ்த்ராத்தா நிர்வாகச் சட்டமும் அதன் 2015-ஆம் ஆண்டு விதிகளும் வழி சொல்கின்றன: புகார் எழுதிக் கொடுத்த ஏழு நாட்களுக்குள் நிர்வாகக் குழு வந்து பார்வையிட வேண்டும், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை குறை மேல்வீட்டினது என்றே கொள்ளப்படும். நிர்வாகம் அசையாவிட்டால் ஈப்போ மாநகர் மன்றத்தின் கட்டட ஆணையரிடம் முறையிடலாம். அரசாங்க வாடகை வீட்டினரோ தமக்கு வீடளித்த அலுவலகத்துக்கே எழுதவேண்டும். இரண்டிலும் வாய்ப்பேச்சு பயன் தராது. தேதியிட்ட கடிதமும், பெற்றுக்கொண்டதற்கான முத்திரை பதித்த அதன் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும்.